ஒரு பித்தளைக் குழாய்க்காக நின்றுபோகும் வியாபாரம்

கற்பிட்டிக் கரையில் அதிகாலையில் படகு தள்ளும் மீனவரின் பையைத் திறந்து பாருங்கள். தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுப் பார்சல் என்பவற்றோடு ஒரு பிளக்கும் அதைக் கழற்றும் ஸ்பெனரும் பெரும்பாலும் இருக்கும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினின் பிளக்கில் கரி பிடிப்பது வழமையானது. இலட்சக்கணக்கில் விலைபோகும் எஞ்சினை நடுக்கடலில் நிறுத்திவிட அந்தச் சின்னப் பிளக் ஒன்று போதும். அனுபவப்பட்ட மீனவர் இதை அறிவார். அதனால்தான் கரையிலேயே தயாராகிப் போகிறார்.

கரையில் இருந்து வியாபாரம் செய்யும் நம்மில் எத்தனை பேருக்கு இந்த முன்யோசனை இருக்கிறது? இந்த வாரம் ஒரு சிறு கைத்தொழிலை உதாரணமாக எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். அதுதான் மரத்தில் கடைந்து செய்யும் பேனை.

ஏன் பேனை?

ஒரு சிறிய கடைசல் இயந்திரம், ஒரு துளையிடும் இயந்திரம், வீட்டுப் பின்புறத்தில் ஒரு கொட்டகை. இவை இருந்தால் இந்தத் தொழிலைத் தொடங்கிவிடலாம். ஒரு சாண் நீள மரத்துண்டு ஒரு பேனைக்குப் போதும். தளபாடப் பட்டறைகளில் விறகாகப் போகும் தேக்கு, முதிரைத் துண்டுகளும், காய்ப்பு நின்ற தென்னையின் வைரம் பாய்ந்த அடிமரமும், வேலியோரத்துப் பூவரசும், வேம்பும் அழகான பேனையாகும். புத்தளம் மாவட்டம் தென்னை முக்கோணத்தின் ஒரு முனை என்பதால் தென்னை மரத்துக்குப் பஞ்சமில்லை. பட்டறையில் துண்டு வாங்கும்போது பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். களப்புக் கரையின் கண்டல் மரங்களைத் தொடவே வேண்டாம்.

வாங்குவோரும் உண்டு. கற்பிட்டிக்குக் காற்றாடிச் சறுக்கலுக்கும் டொல்பின் பார்க்கவும் உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். பாடசாலைப் பரிசளிப்பு விழா, அதிபர் ஓய்வுபெறும் பிரியாவிடை, அலுவலக நினைவுப் பரிசு என உள்ளூரிலும் தேவை இருக்கிறது.

மரம் நமது, உள்ளிருப்பது வெளிநாட்டினுடையது

மரப்பேனையில் மரம் வெளி உடல் மாத்திரமே. உள்ளே இருப்பவை பெரும்பாலும் சீனாவிலும் தாய்வானிலும் உற்பத்தியாகும் உலோகப் பாகங்கள். மிகச் சாதாரணமான மெல்லிய பேனையின் தொகுதியை எடுத்துக்கொள்வோம். 7 மில்லிமீற்றர் பித்தளைக் குழாய்கள் இரண்டு, எழுதும் முனை, ரீபிலை வெளியே தள்ளும் முறுக்குப் பொறி, நடுவளையம், கிளிப், தலைமூடி, ரீபில் என எட்டுப் பாகங்கள் அதில் இருக்கும்.

மரத்துண்டை இரண்டாக அறுத்துத் துளையிட்டு, பித்தளைக் குழாயை உள்ளே ஒட்டி, இரண்டு முனைகளையும் சமப்படுத்தி, மென்ட்ரல் தண்டில் கோர்த்துக் கடைவார்கள். மெருகேற்றிய பின் மற்றப் பாகங்களை அழுத்திப் பொருத்துவார்கள். இதில் விபத்து நடக்கும் இடங்கள் இரண்டு.

முதலாவது, கடையும்போது மரம் வெடிப்பது. உளி மழுங்கியிருந்தாலோ, பசை சரியாகப் பரவாவிட்டாலோ, மரத்தின் நார் குறுக்கே ஓடினாலோ துண்டு பறந்துவிடும். மரம் போனால் நட்டமில்லை. அதனோடு ஒட்டிய பித்தளைக் குழாயும் போய்விடுவதுதான் வினை. மற்ற ஏழு பாகங்களும் புத்தம் புதிதாக மேசையில் இருக்கும். குழாய் ஒன்று இல்லாமல் அவை எதற்கும் உதவா.

இரண்டாவது, முறுக்குப் பொறியை அழுத்தும்போது அளவு தவறுவது. கொஞ்சம் கூடுதலாக உள்ளே போய்விட்டால், பேனையை மூடிய பின்னும் ரீபில் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பேனையைச் சட்டைப் பையில் வைத்தவர் மறுபடி உங்கள் கடைக்கு வரமாட்டார். சிறிது சிறிதாக அழுத்தி, இடையிடையே ரீபிலைப் போட்டுப் பார்ப்பதே வழி.

எதை மேலதிகமாக வைப்பது?

நம்மவர்கள் பலரும் விலைகூடிய பாகத்தையே மேலதிகமாக வாங்கி வைப்பார்கள். வழமையில் உடைவதும் தேய்வதும் எதுவோ அதைத்தான் வைக்க வேண்டும். பேனைத் தொழிலில் அந்த வரிசை இப்படி இருக்கும்.

பித்தளைக் குழாய்கள் முதலிடம். இவை மிக மலிவானவை, தனியாகவும் வாங்கலாம். அடுத்தது முறுக்குப் பொறி. மூன்றாவது ரீபில். நான்காவது, பலரும் மறப்பது, மென்ட்ரல் தண்டில் மரத்தின் இரு பக்கமும் கோர்க்கும் புஷ்கள். அரத்தாள் பட்டுப் பட்டு இவை மெல்லத் தேயும். தேய்ந்த புஷ்ஷின் அளவுக்குக் கடைந்தால் மரம் ஒல்லியாகி, உலோக வளையம் விளிம்பு தட்டும். விரலால் தடவியே வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார். துளையலகு, முனை சமப்படுத்தும் வெட்டி, பசை ஆகியவற்றிலும் ஒவ்வொன்று மேலதிகமாக இருக்கட்டும்.

ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். ஒரு பாடசாலை 50 பேனைகளுக்கு ஓடர் தருகிறது. நீங்கள் 50 தொகுதிகளை மட்டும் வாங்குகிறீர்கள். பத்தில் ஒன்று வெடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் 45 பேனைகள்தான் தேறும். பரிசளிப்பு விழா மேடையில் ஐந்து மாணவர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள். அதிபருக்கு நீங்கள் கொடுத்த வாக்கு என்னவாகும்? அடுத்த வருட ஓடர் யாருக்குப் போகும்? கையில் மேலதிகமாக 20 குழாய்கள் இருந்திருந்தால் அன்றிரவே ஐந்தையும் கடைந்து முடித்திருக்கலாம்.

எவ்வளவு வைப்பது?

உதிரிப்பாகம் அவசியம் என்றதும் அலுமாரி நிறைய வாங்கி அடுக்குவதும் தவறு. அங்கே முடங்குவது உங்கள் முதல். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு.

வாரத்துக்கு 10 பேனை செய்கிறீர்கள். ஓடர் கொடுத்த நாளிலிருந்து பாகங்கள் கைக்கு வர 6 வாரம் எடுக்கிறது. அப்படியானால் காத்திருக்கும் காலத்துக்கு மாத்திரம் 60 தொகுதிகள் வேண்டும். தாமதத்துக்கென்று இன்னும் 20 சேருங்கள். ஆக, கையிருப்பு 80க்கு இறங்கும் நாளே அடுத்த ஓடர் கொடுக்கும் நாள். லாச்சியின் அடி தெரிந்த பிறகு ஓடர் கொடுப்பவர் ஆறு வாரம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வாகன உதிரிப்பாகம் என்றால் பஞ்சிகாவத்தைக்குப் போய் மாலையில் திரும்பிவிடலாம். புத்தளத்திலிருந்து கொழும்பு சுமார் 130 கிலோமீற்றர்தான். பேனைப் பாகத்துக்கு அப்படியொரு சந்தை கிடையாது. தபாலையும் கப்பலையும் நம்பியிருக்கும் பொருளுக்கு நாட்டின் நிலைமையும் சேர்ந்தே கணக்கு. 2020 ஏப்ரலில் பல பொருட்களின் இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்டது. 2022 மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபா வரை போனது. பழைய கொள்முதல் விலைக்கு இலாபம் வைத்து விற்றவர்கள், விற்ற காசில் அதே அளவு சரக்கை மீண்டும் வாங்க முடியாமல் தவித்தார்கள். விலை வைக்கும்போது நேற்று என்ன விலைக்கு வாங்கினோம் என்பதோடு, நாளை என்ன விலைக்கு வாங்க வேண்டியிருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

மாதிரிகளைக் குறையுங்கள்

பட்டியலைப் பார்த்தால் ஆசை வரும். பத்து வகை மாதிரி, ஐந்து வகை நிறம். மாதிரிக்கு மாதிரி குழாயின் பருமன் மாறும். குழாய் மாறினால் துளையலகு மாறும், புஷ் மாறும். பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டு உற்பத்தியாளர்களின் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகலாம், பூச்சின் நிறமும் வேறுபடலாம். பத்து மாதிரிகளுக்கு உதிரிப்பாகம் வைப்பவரின் முதல் பத்தாகச் சிதறும். ஒரே இடத்தில் வாங்கிய இரண்டு மாதிரிகளோடு நின்றால் ஒன்றின் பாகம் மற்றொன்றைக் காப்பாற்றும்.

மாதிரியைத் தெரியும்போது ரீபிலையும் பாருங்கள். சில மெல்லிய பேனைகளுக்கான ரீபில் நமது ஊர்க் கடைகளில் தேடிப் பிடிக்க வேண்டியது. பார்க்கர் வகை ரீபில் ஓரளவு பெரிய புத்தகக் கடைகளில் கிடைக்கும். ரீபில் கிடைக்காத பேனை, முடிந்ததும் அலுமாரிக்குள் உறங்கும் காட்சிப்பொருள்.

கையால் பேனை கடைவதில் இந்தியாவில் பெயர்பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆந்திராவின் ராஜமுந்திரியில் ரத்னம் பேனை 1932 இல் தொடங்கியது. காந்தி அதைப் பாராட்டி 1935 இல் கடிதம் எழுதினார். தமிழ்நாட்டின் திருவள்ளூரில் ரங்கா பேனைகள் எபனைட் என்னும் கடின இறப்பரில் கையால் கடையப்படுகின்றன. அவற்றுக்கு ஜேர்மனியின் பொக், யோவோ நிறுவனங்களின் நிப்களும் பொருத்தப்படுகின்றன. உடல் நமது கைவண்ணம், நிப் உலகெங்கும் கிடைக்கும் நிலையான அளவு. பல வருடங்கள் கழித்தும் அந்தப் பேனையைத் திருத்த முடிவது இதனால்தான்.

உப்புக் காற்றும் ஓர் எதிரி

நமது கரையில் பாகங்களைக் காப்பது தனி வேலை. உப்புக் காற்றில் மெல்லிய தங்கப் பூச்சு சீக்கிரம் மங்கும். குரோம், டைட்டேனியம் பூச்சுகள் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். பாகங்களைக் காற்றுப் புகாத பைகளில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். சுப்பர் குளூ வகைப் பசை ஈரக் காற்றிலேயே இறுகிவிடும். பெரிய போத்தலாக ஒன்றை வாங்காமல் சிறியவையாக வாங்குங்கள். பழைய சரக்கை முதலில் எடுத்துப் பாவியுங்கள். மரத்தையும் நன்கு உலரவிட்டே கடைய வேண்டும். இங்கே ஈரத்தோடு கடைந்த பேனை, கொழும்பில் குளிரூட்டிய அலுவலகத்துக்குப் போனதும் வெடிக்கக் கூடும்.

விற்ற பின்னும் உறவு உண்டு

ஒவ்வொரு ஓடரிலும் நான்கைந்து பாகத் தொகுதிகளை ஒதுக்கி, பையில் திகதியும் வாங்கியவரின் பெயரும் எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்து கிளிப் தளர்ந்த பேனையோடு வருபவருக்கு, அதே நிறத்தில் கிளிப் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். அவர் அதைப் பத்துப் பேரிடம் சொல்வார். அதைவிடப் பெரிய விளம்பரம் வேறில்லை.

ஒரு கொப்பியில் பாகம், வந்த திகதி, விலை, எடுத்தது, மீதி என ஐந்து வரிசை போட்டு எழுதுங்கள். வருடாந்தம் ஸகாத்துக்காகச் சரக்கைக் கணக்கெடுக்கும்போது அந்தக் கொப்பியையும் பக்கத்தில் வையுங்கள். வருடம் முழுக்க அசையாமல் கிடந்த பாகம் எது, மூன்று முறை தட்டுப்பட்ட பாகம் எது என்று தெரிந்துவிடும். முதலாவதை விற்றுத் தீருங்கள், இரண்டாவதைக் கூட்டுங்கள்.

பேனைக்குச் சொன்ன இந்தக் கணக்கு தையல் மெஷினுக்கும், உப்பளத்து நீர்ப்பம்பிக்கும், இறால் பண்ணைக் காற்றூட்டிக்கும் பொருந்தும். இன்றிரவு கடையைச் சாத்துமுன் ஒரு கேள்வியை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். நாளை காலையில் எந்தச் சின்னப் பொருள் இல்லாமற்போனால் என் தொழில் நின்றுபோகும்? பதில் கிடைத்ததும் அதில் இரண்டை வாங்கி லாச்சியில் போடுங்கள்.