தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பயாஸுக்குள்ள போய்ப் பாருங்க



இந்த வார எபிசோட்ல பழைய டெஸ்க்டாப்பையும் விண்டோஸ் 11-ஐயும் பத்திப் பேசினோம். ஆனா பயாஸ் மெனுவைக் காதால கேட்டு ஞாபகம் வச்சுக்க முடியாது. எந்த மெனு, எந்த வரிசை, எதை முதல்ல தொடணும்ங்கறதெல்லாம் எழுத்துல இருந்தாத்தான் பக்கத்துல வச்சுக்கிட்டே செய்ய முடியும். அதனால இந்த மடல் முழுக்க அதுதான். போன வாரம் நான் சொதப்பின கதையும் இதுல இருக்கு.

நியூரம்பெர்க்ல இருக்கிற அக்கா சனிக்கிழமை காலையில கூப்பிட்டாங்க. "டேய், அந்தப் பழைய கம்ப்யூட்டரை வெர்ட்ஷ்டாஃப்ஹோஃபுக்குக் கொண்டுபோய்ப் போடப் போறோம். விண்டோஸ் 11 இதுல ஏறாதாம். புதுசு வாங்க எழுநூறு யூரோவாவது ஆகும்போல. நீ ஒண்ணு பார்த்துச் சொல்லு."

வெர்ட்ஷ்டாஃப்ஹோஃப் தெரியாத வெளிநாட்டு நேயர்களுக்கு: அது ஜெர்மனியில் ஊருக்கு ஊர் இருக்கிற மறுசுழற்சிக் கூடம். பழைய ஃப்ரிட்ஜ், டிவி எல்லாம் அங்கேதான் போகும்.

"அது என்ன ப்ராசஸர்?" என்று கேட்டேன். 2018-ல் வாங்கியது, இன்டெல் கோர் ஐ5-8400. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது எட்டாம் தலைமுறை ப்ராசஸர், விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிற பட்டியலிலேயே இருக்கிறது. அப்புறம் ஏன் "இந்தக் கணினி தகுதி பெறவில்லை" என்று வருகிறது? பெட்டியில் எல்லாமே இருக்கிறது, உள்ளே ரெண்டு மூணு ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

எதுக்கு இவ்வளவு அவசரம்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஜெர்மனி உட்பட ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிக்கிற வீட்டுப் பயனாளர்களுக்கு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் சைன் இன் செய்து பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட்கள் இலவசமாகக் கிடைக்கும். அது ஒரு வருஷ மூச்சு. அதுக்கப்புறம் வேற வழி தேடித்தான் ஆகணும்.

விண்டோஸ் 11 கேட்பவற்றில் டெஸ்க்டாப்கள் வழக்கமாக மாட்டிக்கொள்வது மூன்றில். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி இருக்க வேண்டும். யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆக வேண்டும். செக்யூர் பூட் வசதி இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறை இன்டெல் பெட்டிகளில் டிபிஎம் பெரும்பாலும் உள்ளேயே சேர்ந்து வருகிறது. தனிச் சிப் வாங்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் அது ஆஃப் செய்யப்பட்டே வந்தது. அப்போது யாரும் அதைக் கேட்கவில்லை, அதனால் யாரும் ஆன் செய்யவும் இல்லை.

பயாஸ்னா என்ன, சுருக்கமா

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது விண்டோஸ் இல்லை. மதர்போர்டில் ஒரு சின்ன ஃப்ளாஷ் சிப்பில் இருக்கிற நிரல்தான் முதலில் எழும். மெமரி இருக்கா, கீபோர்டு இருக்கா, டிஸ்க் எங்கே என்று பார்த்து, பிறகு விண்டோஸை எழுப்பிவிடும். பயாஸ் என்ற பெயர் 1970-களில் கேரி கில்டால் எழுதிய சிபி/எம் இயங்குதளத்திலிருந்து வந்தது. 1981-ல் ஐபிஎம் பிசியோடு உலகம் முழுக்கப் பரவியது. இன்றைக்கு உங்கள் பெட்டியில் இருப்பது அதற்குப் பின்னால் வந்த யூஇஎஃப்ஐ. ஆனாலும் எல்லோரும் பயாஸ் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன்.

உள்ளே போறது எப்படி?

கம்ப்யூட்டரை ஆன் செய்த உடனே டெலீட் விசையை, சில போர்டுகளில் எஃப்2 விசையை, தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே அக்கா முதல் தடவையே மாட்டிக்கொண்டார். "டெலீட்னு ஒண்ணே இல்லையேடா!" ஜெர்மன் கீபோர்டில் அதன் மேல் "என்ட்ஃப்" என்று போட்டிருக்கும், அதுதான் டெலீட்.

இன்னொன்று. பயாஸுக்குள் பெரும்பாலும் அமெரிக்கக் கீபோர்டு அமைப்புதான் வேலை செய்யும். ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறி இருக்கும். "சேவ் செய்யவா?" என்று கேட்டு ஒய் அழுத்தச் சொன்னால், நீங்கள் இசட் என்று எழுதியிருக்கிற விசையை அழுத்த வேண்டும். பிரான்ஸ்ல இருக்கிறவங்களுக்கு ஏ-யும் க்யூ-வும் மாறும். பயாஸுக்குப் பாஸ்வேர்டு வைக்கிறவர்கள் இதை மறந்தால் அவ்வளவுதான்.

விண்டோஸிலிருந்தே போக இன்னொரு வழி உண்டு. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நீலப் பக்கம் வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாகப் போனால் "யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்" இருக்கும். அக்காவின் பெட்டியில் அது வரவே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். விண்டோஸ் பழைய முறையில் நிறுவப்பட்டிருந்தால் அந்த வரி வராது.

நான் செய்த தப்பு

வீடியோ காலில் அக்கா கேமராவை ஸ்க்ரீன் பக்கம் திருப்பினார். நான் இங்கிருந்து சொல்லச் சொல்ல அவர் செய்தார். முதலில் பிடிடி என்கிற அமைப்பை ஆன் செய்தோம். இன்டெல்லில் டிபிஎம்முக்கு அந்தப் பெயர்தான். ஏஎம்டி பெட்டியாக இருந்தால் எஃப்டிபிஎம் என்று தேடுங்க. எல்லாம் சரியாகத்தான் போனது.

அடுத்து, "சிஎஸ்எம்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதை ஆஃப் பண்ணுங்க" என்றேன். சிஎஸ்எம் என்பது பழைய பயாஸ் மாதிரி நடிக்கிற ஒரு பொருத்தப் பகுதி. அது ஆன்ல இருந்தால் செக்யூர் பூட் ஆன் ஆகாது. அக்கா ஆஃப் செய்து, எஃப்10 அழுத்தி, சேவ் செய்தார். பெட்டி மறுபடி எழுந்தது. நேராக பயாஸுக்கே வந்து நின்றது. இன்னொரு தடவை ரீஸ்டார்ட் செய்தோம். மறுபடியும் பயாஸ்.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "டேய், அப்பா இங்க வந்திருந்தப்ப எடுத்த வீடியோ எல்லாம் இதுலதான்டா இருக்கு. வேற எங்கயும் காப்பி இல்ல" என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்பா போய் மூணு வருஷம் ஆகிறது.

தண்ணீர் குடித்துவிட்டு யோசித்தேன். நாங்கள் கடைசியாக மாற்றியது ஒன்றே ஒன்று. அதை மட்டும் திருப்பி வைக்கச் சொன்னேன். சிஎஸ்எம் மறுபடி ஆன், எஃப்10, ரீஸ்டார்ட். விண்டோஸ் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நின்றது. வீடியோக்கள் அப்படியே இருந்தன.

நடந்தது இதுதான். 2018-ல் பெட்டியை அசெம்பிள் செய்து கொடுத்த கடையில் விண்டோஸைப் பழைய லெகசி முறையில், எம்பிஆர் என்கிற பழைய பகிர்வு அட்டவணையோடு நிறுவியிருக்கிறார்கள். சிஎஸ்எம்மை ஆஃப் செய்ததும் யூஇஎஃப்ஐக்கு அந்த டிஸ்க்கில் எதை எழுப்புவது என்று தெரியவில்லை. டிஸ்க்கில் இருந்த எதுவும் அழியவில்லை, கதவைத்தான் பூட்டியிருந்தோம்.

இதை நல்லா மனசுல வச்சுக்கங்க. பயாஸில் இந்த ஆன்/ஆஃப் அமைப்புகளை மாற்றுவதால் டிஸ்க்கில் இருக்கிற கோப்பு அழியாது. பெட்டி எழவில்லை என்றால் கடைசியாக மாற்றியதைத் திருப்பி வைத்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். அதனால்தான் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஐந்தை ஒரேயடியாக மாற்றிவிட்டு எது கெடுத்தது என்று தேடுவது பெரிய தலைவலி.

சரியான வரிசை

1. முதலில் பேக்கப். வெளி ஹார்டு டிஸ்க்கில் படங்கள், வீடியோக்கள், ஆவணங்கள். அக்காவை அன்றைக்கே கடைக்கு அனுப்பி ஒன்று வாங்க வைத்தேன். அது முடியும்வரை பயாஸ் பக்கமே போகவில்லை.

2. பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்க. டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருந்தால், டிபிஎம் அல்லது செக்யூர் பூட்டைத் தொட்டதும் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எடுத்துத் தாளில் எழுதி வச்சுக்கங்க. பிட்லாக்கரைத் தற்காலிகமாக சஸ்பெண்ட் செய்துவிட்டு ஆரம்பிங்க.

3. ஸ்டார்ட் மெனுவில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடித் திறங்க. "பயாஸ் மோட்" என்ற வரியில் யூஇஎஃப்ஐ என்று இருந்தால் ஐந்தாவது படிக்குப் போயிடலாம். லெகசி என்று இருந்தால் நில்லுங்க. இந்த ஒரு வரியைத்தான் நான் பார்க்காமல் விட்டேன்.

4. லெகசி என்றால், முதலில் விண்டோஸுக்குள்ளிருந்தே டிஸ்க்கை ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும். எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-ன் 1703 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. முதலில் வேலிடேட் கட்டளை. அது சரி என்று சொன்னால் மட்டும் கன்வெர்ட் கட்டளை. கோப்புகளை அழிக்காமல் மாற்றும். ஆனாலும் பேக்கப் இல்லாமல் இதைச் செய்யாதீங்க.

5. பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கங்க. பிறகு சிஎஸ்எம்மை ஆஃப் செய்து, விண்டோஸ் எழுகிறதா என்று பாருங்க.

6. அடுத்து டிபிஎம். மறுபடி எழுப்பிப் பாருங்க.

7. கடைசியில் செக்யூர் பூட். சில போர்டுகளில் "டீஃபால்ட் கீகளை நிறுவு" என்று ஒரு படி கூடுதலாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ரொம்பப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால், சிஎஸ்எம் ஆஃப் ஆனதும் ஸ்க்ரீன் கருப்பாகவே இருக்கலாம். அந்தக் கார்டுக்கு யூஇஎஃப்ஐ தெரியாது. ப்ராசஸரிலேயே கிராஃபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டு, மதர்போர்டிலிருக்கிற எச்டிஎம்ஐயில் கேபிளைச் சொருகிப் பாருங்க.

தொடக்கூடாதவை

"செக்யூர் இரேஸ்" என்று சில போர்டுகளில் ஒரு கருவி இருக்கும். அது நிஜமாகவே டிஸ்க்கைத் துடைத்துவிடும். "கிளியர் டிபிஎம்" பக்கம் போகாதீங்க, உள்ளே இருக்கிற சாவிகள் போய்விடும். சாட்டா மோடை ரெய்டுக்கு மாற்றி விளையாடாதீங்க. பயாஸ் அப்டேட்டும் தேவை இருந்தால் மட்டும். பாதியில் கரண்ட் போனால் போர்டே எழாமல் போகலாம்.

வந்தது வந்தோம், இதையும் பார்த்துடலாம்

மெமரி வேகம்: டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பாருங்க. பெட்டியில் 3200 என்று போட்டு வாங்கிய ரேம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கலாம். பயாஸில் எக்ஸ்எம்பி ப்ரொஃபைலை ஆன் செய்தால் உங்கள் போர்டும் ப்ராசஸரும் அனுமதிக்கிற வரை ஏறும்.

கரண்ட் பில்: "இஆர்பி" என்ற அமைப்பை ஆன் செய்தால், பெட்டி ஆஃப்ல இருக்கும்போது இழுக்கிற மின்சாரம் ரொம்பக் குறையும். ஐரோப்பிய விதிகளுக்காக வந்த அமைப்பு இது. ஆனால் ஆஃப்ல இருக்கிற கம்ப்யூட்டரில் போன் சார்ஜ் போடுறவங்களுக்கு அது நின்றுவிடும்.

பேட்டரி: ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழசுக்குப் போகிறதா? மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். அது செத்தால் பல போர்டுகளில் நீங்கள் மாற்றிய அமைப்புகள் பழைய நிலைக்குப் போய்விடும். போனில் எடுத்த படங்கள் அப்போதுதான் கைகொடுக்கும்.

அக்கா வீட்டில்

சாயங்காலம் ஆறரைக்கு விண்டோஸ் 11 நிறுவல் ஆரம்பித்தது. பெட்டி இப்போது ஹாலில், பழைய இடத்திலேயே இருக்கிறது. அப்பாவின் வீடியோக்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன. எனக்கு ஒரு காப்பி அனுப்பியிருக்கிறார். அதில் ஒன்றில் அப்பா பால்கனியில் உட்கார்ந்து, "இந்த ஊர்ல வெயில்னு இதைத்தான் சொல்றீங்களா?" என்று கேட்கிறார். அதை நான் பார்த்ததே இல்லை.

உங்கள் வீட்டிலும் தூக்கிப் போடக் காத்திருக்கிற பெட்டி இருந்தால், முதலில் ப்ராசஸர் பெயரைப் பாருங்க. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு மேல் என்றாலோ, ஏஎம்டி ரைசன் 2000 வரிசையில் பெரும்பாலானவை என்றாலோ, ஒரு சனிக்கிழமை மதியம் அதுக்கு ஒதுக்குங்க. எங்கேயாவது மாட்டிக்கொண்டால், ஸ்க்ரீனைப் படம் எடுத்து இந்த மடலுக்கே பதிலாக அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சேர்ந்தே பார்த்துடலாம்.