பால் பொங்கின கறை

கணியம்பாடியில் திருவண்ணாமலை ரோட்டோரத்து டீக்கடை. அக்கா மகன் லேப்டாப்பும் கையுமாக வந்து உட்கார்ந்தான். எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு. ராத்திரி முழுக்க ஒரு பவர் சப்ளையை லேப்டாப் வழியாக ஓட்டி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றியிருக்கிறான். விடிந்து பார்த்தால் அவுட்புட் நின்றுபோயிருக்கிறது.

"என்னா ஆச்சுன்னு கேட்டா பூஜ்யம்னு பதில் வருது மாமா. கோளாறே இல்லையாம்."

"எந்த ரெஜிஸ்டரைக் கேட்ட?"

அவன் கேட்டது கண்டிஷன் ரெஜிஸ்டரை. அதற்கு இந்த நொடி மட்டும்தான் தெரியும். அடுப்பைக் காட்டினேன். சற்று முன் பால் பொங்கி வழிந்தது, இப்போது அடங்கிவிட்டது. பாத்திரத்தை மட்டும் பார்ப்பவன் ஒன்றும் நடக்கவில்லை என்பான். அடுப்பில் தீய்ந்த கறை இருக்கிறதே, அதுதான் ஈவென்ட் ரெஜிஸ்டர். கோளாறு வந்து போனாலும் அதன் தடம் அங்கே நிற்கும்.

"அதையும் கேட்டேன். அதுவும் பூஜ்யம்தான்."

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஈவென்ட் ரெஜிஸ்டரைப் படித்தாலே அது அழிந்துவிடும். கறையைப் பார்த்த கண்ணே துடைத்தும் விடுகிற மாதிரி. முதல் முறை கேட்டபோது வந்த எண்ணைக் குறித்துவைக்காவிட்டால் போனது போனதுதான். யோசித்தால் இது நியாயமான ஏற்பாடு. பழைய கறை அப்படியே கிடந்தால் புதிதாகப் பொங்கியது எப்படித் தெரியும்?

வருகிற எண்ணையும் பிரித்துப் படிக்க வேண்டும். ரெஜிஸ்டர் என்பது வரிசையாக வைத்த சுவிட்சுகள், ஒவ்வொன்றும் ஒரு பிட். மதிப்பு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும். 1990-இல் வந்த ஸ்கிப்பி என்ற கட்டளை மொழியில் 'சந்தேக நிலை' ரெஜிஸ்டரில் 1 வோல்டேஜுக்கு, 2 கரண்ட்டுக்கு, 16 வெப்பத்துக்கு. 17 வந்தால் வோல்டேஜும் வெப்பமும். வேறு எந்தக் கூட்டிலும் 17 வராது. 1987-இன் ஐ.இ.இ.இ. 488.2 தரம் எல்லாக் கருவிக்கும் பொதுவாக இன்னொரு ரெஜிஸ்டர் வைத்தது. அதில் 32 என்றால் நீ அனுப்பிய கட்டளையே தப்பு. 128 என்றால் கருவி அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது. ராத்திரியில் கரண்ட் போய் வரும் நம் ஊருக்கு ரொம்ப வேண்டிய பிட்.

"எல்லாத்தையும் ஓயாம கேட்டுக்கிட்டே இருக்கணுமா?"

வேண்டாம். அதற்குத்தான் எனேபிள் ரெஜிஸ்டர். மாஸ்டர் பையனிடம் சொல்லிவைக்கிறார் பார், பால் பொங்கினா கூப்பிடு, சர்க்கரை குறைஞ்சா கூப்பிடாதே என்று. அதேபோல எந்த பிட் வந்தால் கருவி கணினியைக் கூப்பிட வேண்டும் என்று நாம் முன்கூட்டியே எழுதிவைக்கலாம்.

எதற்குக் கூப்பிட வைப்பது என்பதில்தான் அனுபவம் பேசும். வேலூரைத் தாண்டி ராணிப்பேட்டையில் பெல் ஆலை அனல்மின் நிலையங்களுக்கான மின்னியல் சாம்பல் பிடிப்பான்களைச் செய்கிறது. புகையிலுள்ள சாம்பலைப் பிடிக்க அவற்றுக்குப் பல்லாயிரம் வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும். அந்த சப்ளையும் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஓடுவதுதான். உள்ளே அவ்வப்போது தீப்பொறி பறக்கும். அது கோளாறு இல்லை, வேலையின் ஒரு பகுதி. கன்ட்ரோலர் வோல்டேஜைச் சட்டென்று இறக்கி மறுபடி ஏற்றிக்கொள்ளும். ஒவ்வொரு பொறிக்கும் அலாரம் அடித்தால் ஷிப்டில் இருப்பவர் இரண்டாம் நாளே அலாரத்தைக் கண்டுகொள்ள மாட்டார். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் சூடேறினால் மட்டும் சும்மா விடக்கூடாது.

அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். பையன் அதற்குள் துடைத்துவிட்டிருந்தான்.

"உன் புரோகிராம் ராத்திரி அந்த ஈவென்ட் ரெஜிஸ்டரைத் தொட்டுதா?"

"நிமிஷத்துக்கு ஒரு தடவ படிச்சு ஸ்கிரீன்ல போட்டுது. யாரு பாத்தா?"

"மேலே தள்ளிப் பாரு."

தள்ளினான். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். மூன்றேகால் மணி வரியில் ஒரே ஒரு 16. அதன் பிறகு மறுபடி பூஜ்யம்தான்.

"சப்ளையை எங்க வெச்சிருந்த?"

"பீரோ மேல, செவுத்த ஒட்டி. தூசி படக்கூடாதுன்னு மேல ஒரு துண்டு போட்டிருந்தேன் மாமா."