பவளத் தொட்டிக்கு ஏற்ற குழல் விளக்கு

ஆலுவா நகரையடுத்துப் பெரியாற்றின் கரையில் உத்தியோகமண்டலம் என்னும் தொழிற்பகுதி அமைந்துள்ளது. 1950-ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய அருமண் நிறுவனம், மோனசைட் மணலைப் பக்குவப்படுத்தும் ஆலை ஒன்றை இங்கு நிறுவி 1952-இல் இயக்கத் தொடங்கிற்று. மணவாளக்குறிச்சி, சவறா ஆகிய கடற்கரைகளில் கிடைக்கும் இம்மணலின் அருமை வெளிப்பட்ட விதம் சுவையானது. திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிச் சென்ற தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் 1909-இல் கண்டறிந்தார். அந்நாளில் அம்மணலை உலகம் நாடியது விளக்கின் பொருட்டே. அதிலுள்ள தோரியத்தைக் கொண்டுதான் காஸ் விளக்கின் ‘மாண்டில்’ என்னும் வலை செய்யப்பட்டது.

காஸ் விளக்கு மறைந்தது. ஆனால் மோனசைட்டின் தனிமங்கள் விளக்கை விட்டு அகலவில்லை. தோரியத்தைப் பிரித்தபின் எஞ்சும் சீரியம், லாந்தனம் முதலியவை அருமண் தனிமங்கள் எனப்படும். இக்கால உயர்தரக் குழல் விளக்கில் பச்சை ஒளி தரும் பொடிகளுள் ஒன்று, சீரியமும் டெர்பியமும் சிறிதளவு கலந்த லாந்தனம் பாஸ்பேட் ஆகும். மோனசைட்டும் சீரியம், லாந்தனம் முதலியவற்றின் பாஸ்பேட்டே. எனவே, அப்பொடியை ஆலையில் செய்த தூய மோனசைட் என்று கூறினும் பிழையாகாது. (நீலத்திற்கும் சிவப்பிற்கும் இன்றியமையாத யூரோப்பியம் நம் நாட்டு மோனசைட்டில் மிகச் சொற்பமாகவே உள்ளது என்பதையும் உடன் கூறவேண்டும்.) இத்தகைய குழல் விளக்கின் துணையால், ஆழ்கடலின் நீல ஒளியை வீட்டுக் கூடத்திலேயே உண்டாக்கிப் பவள உயிர்களை வளர்க்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியுள்ளது. அதற்குரிய விளக்கைத் தெரிவு செய்வது எங்ஙனம் என்பதே இங்கு ஆராயப்படும்.

பவளத்திற்கு ஒளி எதற்கு?

பவளம் செடியன்று, விலங்கு. அவ்வாறிருக்க, அதற்கு ஒளி எதற்கு என்ற ஐயம் எழுவது இயல்பு. பாறை அமைக்கும் பவளப்பூச்சியின் உடலணுக்களுக்குள் பொன்னிறமான நுண்பாசிகள் குடியிருக்கின்றன. இவை சுழல்கசையிகள் என்னும் இனத்தைச் சேர்ந்தவை என்பதை ஜப்பானிய விஞ்ஞானி கவாகுட்டி 1944-இல் நிலைநாட்டினார். பூச்சி வெளியிடும் கரியமில வாயுவையும் கழிவுகளையும் இப்பாசிகள் ஏற்று, சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரைப் பொருள்களை ஆக்குகின்றன. அவற்றில் பெரும்பகுதி பூச்சிக்கே உணவாகிறது. சுண்ணாம்புக் கூட்டை விரைந்து கட்டுவதற்கான ஆற்றலும் இதிலிருந்தே கிடைக்கிறது. ஒளி குன்றின் பாசி நலியும். பாசி நலிந்தால் பவளம் பட்டினியுறும்.

இப்பாசிகளிடம் பச்சையத்தோடு பெரிடினின் என்னும் செம்மஞ்சள் நிறமியும் உண்டு. இவை இரண்டும் 400 முதல் 550 நானோமீட்டர் வரையுள்ள ஊதா, நீலம், நீலப்பச்சை ஒளியை மிகுதியாக உட்கொள்ளும் தன்மையன. காரணம் கடல்நீரில் உள்ளது. தெளிந்த நீரில் 5 மீட்டர் ஆழம் இறங்குவதற்குள் சிவப்பொளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே எஞ்சுகிறது. நீல ஒளியோ அந்த ஆழத்தில் பெரிதும் குறைவதில்லை. கிடைக்கும் ஒளிக்கேற்பவே நிறமிகள் அமைந்துள்ளன. ஆலுவாவிலிருந்து ஒரு மணிப் பயணத்தில் எட்டும் கொச்சிக் கடலில் பவளப் பாறைகள் இல்லாமைக்கும் இதுவே பெருங்காரணங்களுள் ஒன்று. பெரியாறும் பிற ஆறுகளும் கொணரும் வண்டலும் நன்னீரும் அக்கடலைக் கலக்குகின்றன. தெளிந்த நீரும் பவளமும் வேண்டுவோர் கொச்சித் துறைமுகத்தில் கப்பலேறி இலட்சத்தீவுக்குச் செல்லவேண்டும்.

குழல் விளக்கின் இயல்பு

குழல் விளக்கினுள் மின்சாரம் பாயும்போது, அதிலுள்ள பாதரச ஆவி 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிரை வெளியிடுகிறது. அது கண்ணுக்குப் புலப்படாது. குழலின் உட்சுவரில் பூசிய ஒளிர்பொடி அக்கதிரை உட்கொண்டு, அதனினும் நீண்ட அலையாக, காணத்தக்க ஒளியாக, வெளிவிடுகிறது. ஆதலின் குழலின் ஒளி எத்தகையது என்பதைத் தீர்மானிப்பது பொடியே.

வீடுகளில் நெடுங்காலம் எரிந்த 40 வாட் பருங்குழலில் இருந்தது, ஆண்டிமனியும் மாங்கனீசும் சேர்ந்த கால்சியம் ஹாலோபாஸ்பேட் பொடி. 1942-இல் இங்கிலாந்தில் உருவாக்கப்பெற்ற இப்பொடி மலிவானது. அதன் ஒளி மஞ்சட் பகுதியில் மிகுந்தது. படிப்பதற்கு ஏற்ற ஒளிதான், ஆனால் பவளத்திற்கு அதில் பயன் குறைவு. 1970-களில் வந்த முப்பொடிக் குழல்களில் நீலம் 450, பச்சை 545, சிவப்பு 611 நானோமீட்டர் அளவில் மூன்று கூர்மையான ஒளிப்பட்டைகள் எழுகின்றன. இவற்றில் நீலப்பொடியின் பங்கை உயர்த்தியே பவளத் தொட்டிக்குரிய வெண்ணீலக் குழல்கள் செய்யப்படுகின்றன. இவையன்றி, ஸ்ட்ரான்ஷியம் பைரோபாஸ்பேட்டில் யூரோப்பியம் கலந்த பொடியுள்ள குழல் 420 நானோமீட்டரில் கருநீல ஒளி தரும். ‘ஆக்டினிக்’ என்று கடைகளில் வழங்குவது இதுவே. கண்ணுக்கு இது மங்கலாகத் தோன்றும். மங்கலென்று கருதி இதனை ஒதுக்குவது தவறு. மனிதக் கண் 555 நானோமீட்டர் அளவிலுள்ள பசுமஞ்சள் ஒளியையே சிறப்பாக உணர்கிறது. ஊதாப் பக்கத்தில் அதன் உணர்ச்சி மிகவும் தாழ்ந்தது. பாசியின் கணக்கோ வேறு.

இதனால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘லூமென்’ எண்ணும், கெல்வினில் கூறும் நிறவெப்பநிலையும் பவளம் வளர்ப்போருக்கு முழு வழிகாட்டி ஆகா. லூமென் மனிதக் கண்ணுக்கென வகுத்த அளவு. 10,000 கெல்வின், 20,000 கெல்வின் என்பன ஒளி எவ்வளவு நீலமாகத் தோன்றும் என்பதை மட்டும் உரைக்கும். விஞ்ஞானிகள் கையாளும் அளவு, ஒரு சதுர மீட்டரில் வினாடிக்கு விழும், தாவரம் பயன்படுத்தத்தக்க ஒளித்துகள்களின் எண்ணிக்கையாகும்; இது மைக்ரோமோலில் கூறப்படும். வெப்பமண்டலத்து நண்பகலில் கடற்பரப்பின்மீது ஏறக்குறைய 2,000 மைக்ரோமோல் விழும். தொட்டியில் அத்தனை வேண்டுவதில்லை. மென்பவளங்களும் காளான் வடிவ உயிர்களும் 50 முதல் 100 வரையில் திருப்தியாக வாழும். ஆழங்குறைந்த திட்டுகளில் கிளைத்து வளரும் வன்பவளங்களுக்கு 200-க்கு மேல் வேண்டும்.

குழலின் பருமனும் கருதற்பாலது. டி-12, டி-8, டி-5 என்னும் பெயர்களிலுள்ள எண், அங்குலத்தின் எட்டில் எத்தனை பங்கு குறுக்களவு என்பதைக் குறிக்கும்; அவை முறையே 38, 26, 16 மில்லிமீட்டர். மெல்லிய குழல் தானே வெளியிட்ட ஒளியைக் குறைவாக மறைக்கும். அதன் பின்புறம் வளைந்த மெருகுத் தகட்டைப் பொருத்தினால் மேல்நோக்கிச் செல்லும் ஒளியும் தொட்டிக்குள்ளேயே விழும். எல்லாக் குழல்களுக்கும் பொதுவாக ஒரு வெள்ளைப் பலகை வைப்பதினும், குழல் ஒவ்வொன்றுக்கும் தனித் தகடு வைப்பது மிகுந்த பயன் தரும். டி-5 குழல் 35 பாகை வெப்பத்தில் உச்ச ஒளி தருமாறு அமைக்கப்பட்டது. டி-8 குழலுக்கு அவ்வெப்பம் 25 பாகை. மூடிய விளக்குப் பெட்டிக்கும் நம் நாட்டுக் கோடைக்கும் முன்னதே பொருந்தும்.

நான்கடி நீளமும், அகலத்திலும் உயரத்திலும் அரை மீட்டரும் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அது சுமார் 300 லிட்டர் கொள்ளும். 54 வாட் டி-5 குழல்கள் நான்கு இதற்குப் போதும். அவற்றில் இரண்டு வெண்ணீலமாகவும், ஒன்று 420 நானோமீட்டர்க் கருநீலமாகவும், ஒன்று 450 நானோமீட்டர் நீலமாகவும் இருத்தல் நன்று. நான்கையும் கருநீலமாக்கினால் தொட்டி அழகாக மின்னும். உயிரின் நலத்திற்கு அது தேவையில்லை. அம்மின்னல் எதனால் எனில், பவளங்களிடமுள்ள ஒருவகைப் புரதங்கள் நீல ஒளியை உண்டு பச்சையாகவும் சிவப்பாகவும் உமிழ்கின்றன. குழலின் உட்சுவரில் பொடி செய்யும் தொழிலையே பவளத்தின் தோலில் புரதம் செய்கிறது. இவ்வினத்துச் சிவப்புப் புரதத்தை 1999-இல் ரஷ்ய விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தது கடலாழத்திலிருந்தன்று. மாஸ்கோவில் மீன்தொட்டியில் வளர்ந்த காளான் வடிவ உயிரிலிருந்தே. இன்று உலகெங்கும் உயிரணு ஆராய்ச்சியில் அது பயன்படுகிறது.

எதை வளர்க்கலாம்?

விளக்குக்கு முன்னர்த் தீர்மானிக்க வேண்டியது, அதன் கீழ் வாழப்போகும் உயிர் எது என்பது. இந்தியாவில் பாறை அமைக்கும் வன்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், குழாய்ப் பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறி ஆகியவற்றுடன், 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. யானைக்கும் புலிக்கும் உரிய காப்பு இது. கடலிலிருந்து இவற்றைப் பெயர்த்தெடுத்தலும், விற்றலும், உரிய அனுமதியின்றி வைத்திருத்தலும் குற்றமாகும். வெளிநாட்டு வன்பவளங்களும் பன்னாட்டு வாணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. சட்டம் கடுமையாயிற்றே என்று வருந்துவோர் மன்னார் வளைகுடாவை நினைத்தல் வேண்டும். அங்குள்ள 21 தீவுகளைக் கொண்டு 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளக்கல்லை வெட்டியதன் விளைவாக, பூமரிச்சான், விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன.

ஆகவே, வீட்டில் தொட்டி அமைப்போர் பவளக்கல்லுக்குப் பதிலாகச் சிமெண்டும் சிப்பித்தூளும் கலந்து வார்த்த செயற்கைக் கல்லைக் கொள்ளலாம். கடற்சாமந்தியும் காளான் வடிவ உயிர்களும் வன்பவளங்கள் அல்ல. ஆயினும் அவற்றினுள்ளும் அதே பாசிகள் வாழ்வதால் ஒளித்தேவை ஒத்ததே. கடற்சாமந்தியோடு வாழும் கோமாளி மீனைக் கடலில் பிடிக்காமலே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வகுத்தளித்துள்ளது. 1947-இல் தோன்றி, மண்டபத்திலிருந்து 1971-இல் கொச்சிக்குத் தலைமையிடத்தை மாற்றிக்கொண்ட நிலையம் இது. எவ்வுயிரை வாங்குமுன்னும் அது வந்த வழியையும் அதற்கு அனுமதி உண்டா என்பதையும் வனத்துறையிடம் கேட்டறிதல் முறை.

வெப்பம்

ஆலுவா போன்ற ஊரில் ஒளிப் பற்றாக்குறையைக் காட்டிலும் வெப்ப மிகுதியே பெரிய பகை. மேற்கூறிய நான்கு குழல்கள் 216 வாட் கொள்ளும். அதில் பெரும்பங்கு வெப்பமாகவே மாறும். சிறு விசிறியால் நீர்ப்பரப்பின்மீது காற்று வீசச் செய்தால், ஆவியாதலினால் நீர் இரண்டு மூன்று பாகை தணியும் என்பது உண்மை. ஆயினும் பெரியாற்றுப் பள்ளத்தாக்கின் ஈரக் காற்றில், அதிலும் இடவப்பாதி மழைக்காலத்தில், நீர் எளிதில் ஆவியாவதில்லை. வறண்ட கோயம்புத்தூரில் பலிக்கும் உபாயம் இங்கே பாதியே பலிக்கும். நீரின் வெப்பம் 30 பாகையைத் தாண்டி நிலைத்துவிட்டால், மிகுந்த ஒளியும் அதனுடன் கூடிப் பாசியின் ஒளிச்சேர்க்கை சீர்குலையும். நச்சுத்தன்மையுள்ள பிராணவாயு வகைகள் பெருகும். பவளம் பாசியை வெளியேற்றி வெளுக்கும். இலட்சத்தீவுக் கடலில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளிலும், மீண்டும் 2024-லும் நேர்ந்தது இதுதான். கோடையில் வெப்பமானி 30-ஐத் தொட்டவுடன் இரு குழல்களை அணைத்துவிடுவது, குளிர்விக்கும் பொறி இல்லாதோர் செய்யக்கூடிய நல்ல காரியம்.

பகல்நேரக் கணக்கில் அதிக ஆராய்ச்சி தேவையில்லை. ஆலுவா வடக்கே 10 பாகையில் உள்ளது. ஆண்டு முழுதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரமே. கடலில் காலையும் மாலையும் ஒளி சாய்ந்து விழுவதால், தொட்டியில் 9 மணி நேரம் போதும். அதற்கான மின்செலவு மாதத்திற்கு 58 யூனிட் அளவாகும். உப்புநீர் தெறிக்குமிடத்தில் மின்கசிவைத் துண்டிக்கும் விசை இல்லாமல் எந்த விளக்கையும் பொருத்தலாகாது. பழைய சோக்கு வினாடிக்கு 100 முறை ஒளியைத் துடிக்கச் செய்யும். எலெக்ட்ரானிக் பாலஸ்ட் இக்குறையை நீக்குவதோடு மின்சாரத்தையும் சிக்கனப்படுத்தும்.

குழல்களின் எதிர்காலம்

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018 முதல் உறுப்பு நாடு. அவ்வுடன்படிக்கை நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி, ஹாலோபாஸ்பேட் நெடுங்குழல்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2026-உடனும், முப்பொடிக் குழல்களுடையதை 2027-உடனும் முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தன. எனவே, குழல் விளக்குப் பெட்டியை முன்னரே உடையவர் அதனைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். புதிதாக வாங்குவோர் நீல, வெள்ளை எல்.இ.டி. விளக்குகளை நாடுவதே விவேகம். புள்ளி புள்ளியாக ஒளிரும் எல்.இ.டி.யின் கீழ்க் கூரிய நிழல்கள் விழும் என்பதும், நீண்ட குழலின் ஒளி கிளைகளின் அடிப்புறத்தையும் எட்டும் என்பதும் மெய்யே. பல சிறு விளக்குகளைப் பரவலாக அமைத்து இக்குறையை ஓரளவு போக்கலாம். வெள்ளை எல்.இ.டி.யில் 450 நானோமீட்டர் நீலத்தை மஞ்சளாக்கும் பொடியிலும் சீரியமே கலந்துள்ளது.

எரிந்து முதிர்ந்த குழல்களைப் பற்றி ஒரு சொல். ஒளிர்பொடி நாளடைவில் வலுவிழக்கும்; மாற்றம் மெல்ல நிகழ்வதால் கண் அதனை அறியாது. ஆகையால் தொட்டிக் குழல்களை ஆண்டுக்கொரு முறை, ஒரே நாளில் எல்லாவற்றையும் அன்றி, மாதத்திற்கு ஒன்றாக மாற்றவேண்டும். திடீரென ஒளி மிகுந்தாலும் உயிர்கள் வெளுக்கும். கழற்றிய ஒவ்வொரு குழலிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கும். அதனை உடைத்து ஆற்றோரத்தில் எறிதல் கூடாது. 2024 மே மாதத்தில் ஏலூர்ப் பகுதியில் மீன்கள் திரள்திரளாக மாண்டு மிதந்த பெரியாறுதான் அருகில் ஓடுகிறது. 2022-இன் மின்னணுக் கழிவு விதிகளில் பாதரச விளக்குகளும் அடங்கும்; பழைய குழலை அது வந்த அட்டை உறையிலேயே இட்டு, உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கவேண்டும்.