மெஷினோடு சேர்த்து வரைய வேண்டிய பட்டியல்

தெஹியோவிட்டப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் பிட்டர் வேலை பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது. புது மெஷின் வாங்கும்போது எல்லாரும் கேட்பது இரண்டு கேள்வி: மணிக்கு எத்தனை கிலோ அரைக்கும்? விலை என்ன? தேய்ந்தால் மாற்றுச் சாமான் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர் குறைவு. அதற்கான பதிலை மெஷினை வரைகிறவரே வரையும்போது யோசித்திருக்க வேண்டும். பிறகு யோசித்துப் பயனில்லை.

கொழுந்து காத்திருக்காது. ரோலரில் நசுங்கியதுமே நொதிக்கத் தொடங்கிவிடும். எங்கள் தாழ்நாட்டுச் சூட்டில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் டிரையருக்குப் போயாக வேண்டும். அந்த நேரம் பார்த்து டிரையர் செயின் அறுந்தால், மாற்றுக் கண்ணி ஸ்டோரில் இருந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் அன்றைய தேயிலையின் சாயம் மங்கி விலை இறங்கும்.

வில்லியம் ஜாக்சன் 1872இல் அஸ்ஸாம் தோட்டமொன்றில் தன் முதல் ரோலரை ஓட்டினார். அந்த வழியில் வந்த பழைய ரோலர்களை நான் கழற்றியிருக்கிறேன். மேசைமேல் கொழுந்தை உரசும் பித்தளைப் பட்டிகள்தான் முதலில் தேயும். அவற்றை மேசையோடு ஒன்றாக வார்க்காமல் தனியே திருகி வைத்திருப்பார்கள். தேய்ந்த பட்டியை மாதிரியாக வைத்து ஊர்ப் பட்டறையிலேயே இன்னொன்று செய்து பூட்டலாம். எது தேயும் என்று வரைந்தவர் முன்கூட்டியே கணித்திருக்கிறார்.

பேரிங்கையும் பாருங்கள். 6205 என்று பொறித்திருந்தால் உள்துளை 25 மி.மீ., வெளிவிட்டம் 52, அகலம் 15. ஜப்பானில் செய்தாலும் சுவீடனில் செய்தாலும் அளவு ஒன்றுதான். கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடையில் எண்ணைச் சொன்னால் போதும். நான் வேலை பார்த்த ஓரிடத்துக்கு வந்த புது மெஷினிலோ, செய்தவரிடம் மட்டுமே கிடைக்கும் தனி அளவுப் பேரிங். 2022இல் டொலர் இல்லாமல் நாடே திண்டாடியபோது, அந்தப் பேரிங்கைத் தருவிக்க முடியாமல் அந்த மெஷின் படங்கு போர்த்திக் கிடந்தது. பக்கத்திலிருந்த பழைய ரோலர் ஓடிக்கொண்டிருந்தது.

மெஷின் உருவாகும்போதே சாமான்களை மூன்றாகப் பிரித்துவிடலாம். பெல்ட், பேரிங், ஒயில் சீல் போல அடிக்கடி தேய்பவை முதல் வகை. இவை கடையில் கிடைக்கும் அளவில் இருக்க வேண்டும். ஒரு செட் மெஷினோடேயே வர வேண்டும். தண்டு, பல்சக்கரம் போல மெதுவாகத் தேய்பவை இரண்டாவது. இவற்றுக்கு அளவும் உலோகமும் குறித்த வரைபடம் கொடுத்தால் அவிசாவளை லேத்காரரே கடைந்து தருவார். மூன்றாவது, அபூர்வமாக உடைந்தாலும் வந்துசேர மாதக்கணக்கில் எடுப்பவை: கியர் பெட்டி, கட்டுப்பாட்டுப் பலகை. இவற்றில் ஒன்று பழுதானால் தொழிற்சாலையே நிற்கும் என்றால், விலை அதிகமானாலும் ஒன்று கையிருப்பில் இருக்கத்தான் வேண்டும்.

திருகுப் புரியைக்கூட எழுதி வைக்க வேண்டும். பழைய ஆங்கிலேய மெஷின்களில் இருப்பது ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த 55 பாகைப் புரி. மெட்ரிக் புரி 60 பாகை. அரை அங்குலத் துளையில் 12 மி.மீ. போல்ட்டைப் போட்டால் ஆடும்; பலமாக இறுக்கினால் புரி சிதையும்.

நம் நாட்டிலேயே மெஷின் செய்ய முன்வரும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: சோதனை ஓட்டம் முடிந்ததும் கழற்றிப் பாருங்கள். எது எவ்வளவு தேய்ந்தது என்று அளந்து எழுதுங்கள். அந்தக் கணக்கிலிருந்து மாற்றுச் சாமான் பட்டியல் போடுங்கள். தொழிற்சாலை நடத்துகிறவர்களும் அந்தப் பட்டியலைக் காணாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். மெஷின் நிற்கும் நாளில் முதலாளியின் பணத்தோடு, காலையிலிருந்து அட்டைக்கடியில் நின்று கொழுந்து பறித்த பெண்களின் உழைப்பும் வீணாகிறது.