கால் மாத்திரை நேரம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு கல்லூரி மைதானம். மேற்கே மலை இன்னும் கருத்துக் கிடக்கிறது. மெயின் ரோட்டில் முதல் ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மில் பஸ் போகிறது. மைதானத்தில் பதினெட்டுப் பெண்கள். பந்துகள் இன்னும் வலைப்பையை விட்டு வெளியே வரவில்லை. ஆளுக்கொரு கோட்டின் மேல் நின்று, எம்பிக் குதித்து, ஒற்றைக் காலில் இறங்குகிறார்கள். தொப், தொப் என்று சத்தம். உடற்கல்வி ஆசிரியை அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதால் கேட்கிறார்.

"என்னத்தா இது, அரிசி மூட்டை விழுற மாதிரி! பூனை எறங்குற மாதிரி எறங்குங்க. எனக்குச் சத்தமே கேக்கக் கூடாது."

மறுபடி குதிக்கிறார்கள். முட்டியை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கால்விரல்மேல் இறங்கிப் பிறகு குதிகாலை ஊன்றுகிறார்கள். நாலாவது தடவையில் சத்தம் பாதியாகிவிட்டது. சீசன் தொடங்கும் வாரம் அது. கோல் அடிப்பதைப் பார்க்கத்தான் போயிருந்தேன். வீடு திரும்பும்போது காதில் இருந்தது அந்தச் சத்தம்தான்.

நம் பக்கத்தில் கல்லூரிப் பெண்களின் கால்பந்து சீசன் பல்கலைக்கழகத்துக்குள் கல்லூரிகள் மோதுவதில் தொடங்குகிறது. இங்குள்ள கலை அறிவியல் கல்லூரிகளுக்கு அது மதுரை காமராசர் பல்கலைக்கழகப் போட்டி. அதில் நன்றாக ஆடியவர்களைப் பொறுக்கிப் பல்கலைக்கழக அணி அமைப்பார்கள். அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே மேலே வந்தால் அகில இந்தியப் போட்டி. கிருஷ்ணன்கோவிலில் இருக்கும் கலசலிங்கம் போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு முதல் படி கிடையாது. தென்மண்டலத்துக்கு நேரே அணி அனுப்பலாம். ஏணி சின்னதில்லை. மாநில அணியிலும் கிளப்பிலும் உச்சியைத் தொட்டவர்களும் குறைவில்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முறையாகத் தேசியச் சாம்பியன் ஆனார்கள். 2023-ல் அமிர்தசரசில் ஹரியானாவை வென்று மறுபடியும் பட்டத்தைப் பிடித்தார்கள். நடுவில் 2019-ல் மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது.

இந்த ஏணியில் ஏறும் பெண்ணைப் பாதியில் இறக்கிவிடக்கூடிய ஒரு பொருள் அவள் முழங்காலுக்குள் இருக்கிறது. சுண்டுவிரலைவிடக் குட்டையானது, சுமார் மூன்று சென்டிமீட்டர் நீளம். டாக்டர்கள் ஏசிஎல் என்பார்கள், ஊரில் ஜவ்வு என்பார்கள். தொடை எலும்பையும் கால் எலும்பையும் குறுக்காகக் கட்டிப் பிடித்திருக்கும் நார் அது. ஓடி வந்து சட்டென்று நிற்கும்போது கால் எலும்பு முன்னால் வழுக்கிப் போகாமலும், திரும்பும்போது மூட்டு முறுக்கிக்கொள்ளாமலும் காப்பது இந்தக் குறுக்கு நார்தான்.

இது எதனால் ஆனது என்று ராஜபாளையத்துக்காரருக்குச் சொல்வது எளிது. நூலால் ஆனது. 1936-லிருந்து இங்கே மில்லில் நூல் நூற்கிறார்கள். ஒற்றை இழையை ஒரு பக்கமாக முறுக்கி, அப்படிப்பட்ட இழைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால்தான் நூல் பிரியாமல் நிற்கும் என்பது மில்லில் வேலை பார்க்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். கயிறு திரிப்பவருக்கும் தெரியும். உயிர்களின் உடம்பு இதை எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டது. ஜவ்வு, தோல், எலும்பு எல்லாவற்றிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகளால் ஆனது. ஒவ்வோர் இழையும் இடப்பக்கமாகச் சுருண்டிருக்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாகப் பின்னிக்கொள்கின்றன. இந்த முப்புரி அமைப்பைக் கண்டுபிடித்ததும் நம் மாநிலத்தில்தான். 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் நாரை எக்ஸ்ரே கதிரில் வைத்து ஆராய்ந்து இதைச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே இழைகளின் முறுக்கை இன்னும் திருத்தமாக எழுதினார்கள். உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்கள் முட்டி மோதிக்கொண்டிருந்த கேள்வி அது.

முறுக்கியதோடு உடம்பு நிற்கவில்லை. இழைகளைக் கொஞ்சம் நெளிநெளியாகவும் வைத்திருக்கிறது. லேசாக இழுத்தால் நெளிவு மட்டும் நிமிரும், இழைக்கு வலியே தெரியாது. மேலும் இழுத்தால்தான் இழை விறைக்கும். இளம் வயதுக்காரரின் குறுக்கு நார் அறுந்துபோக ஏறக்குறைய 2160 நியூட்டன் விசை வேண்டும் என்று அளந்திருக்கிறார்கள். இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு நாரில் மூன்று ஆட்களைத் தொங்கவிடலாம்!

அப்படிப்பட்டது எப்படி அறுகிறது? பெரும்பாலும் யாரும் இடிக்காமலேயே அறுகிறது. பந்தை எடுத்துக்கொண்டு ஓடும் பெண் எதிராளியை ஏமாற்ற ஒரு காலை ஊன்றித் திரும்புகிறாள். கால் தரையில் பிடித்துக்கொள்கிறது, முட்டி நிமிர்ந்திருக்கிறது, உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, முட்டி உள்பக்கமாக ஒடிகிறது. "டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு" என்பார்கள் அடிபட்டவர்கள்.

எவ்வளவு நேரத்தில் இது நடக்கிறது என்று நார்வே நாட்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஹேண்ட்பாலிலும் கூடைப்பந்திலும் பத்துப் பெண்களுக்கு ஜவ்வு அறுந்த தருணங்களின் வீடியோக்களை எடுத்து, எலும்பு எலும்பாகக் கணினியில் மறுபடி கட்டிப் பார்த்தார்கள். 2010-ல் வெளியான அவர்கள் கணக்குப்படி, கால் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லிவிநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

நேரத்தைச் சின்னச் சின்னதாக அளக்க நம் இலக்கணக்காரர்களிடம் ஒரு முழம் இருந்தது. கண் இமைக்கும் நேரம், அல்லது கைநொடிக்கும் நேரம், ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால். நாற்பது மில்லிவிநாடி என்பது அந்தக் கால் மாத்திரைக்குப் பக்கம். முழங்காலிலிருந்து ஆபத்துச் செய்தி நரம்பு வழியே போய், பதில் திரும்பி வந்து, தொடைத் தசை இறுகி விசை கொடுப்பதற்கு இதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். அதாவது, கால் தரையில் பட்ட பிறகு ஒரு பெண் எவ்வளவு சாமர்த்தியசாலியாக இருந்தாலும் முட்டியைக் காப்பாற்ற முடியாது. கால் இன்னும் காற்றில் இருக்கும்போதே தசை தயாராகிவிட்டிருக்க வேண்டும்.

இதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம். கால் எப்போது தரையைத் தொடும், எவ்வளவு வேகத்தில் தொடும் என்று மூளை முன்கூட்டியே கணித்து, தொடையின் பின்தசைக்கும் இடுப்புத் தசைக்கும் உத்தரவு அனுப்பி வைக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் செங்கல் தூக்கிப் போட்டு வாங்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள். கல் கையில் பட்டதும் கை அதோடு சேர்ந்து பின்வாங்கும். விறைத்து நின்று வாங்கினால் விரல் போய்விடும். பட்ட பிறகு யோசித்து யாரும் கையை இழுப்பதில்லை. கல் வருமுன்பே கைக்குத் தெரிந்திருக்கிறது. குதித்து இறங்கும் முட்டியும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு அடியை அப்படித்தான் வாங்க வேண்டும். மடங்கி வாங்கினால் அடி நேரத்தில் பரவிக் குறைகிறது. 'தொப்' என்ற சத்தம், அடி மொத்தமாக விழுந்ததற்கான அடையாளம். முதுகைக் காட்டி நின்ற அந்த ஆசிரியை கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

இந்தக் கணக்கை மூளை பாடமாகக் கற்பதில்லை. ஆயிரம் தடவை குதித்துக் கற்கிறது. எங்கே குதித்து? பாண்டி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். சில்லைப் போட்டு, ஒற்றைக் காலில் கட்டம் கட்டமாகத் தாவி, கோட்டை மிதிக்காமல், தடுமாறாமல் நிற்க வேண்டும். இன்று உலகமெங்கும் கால்பந்துப் பெண்களுக்குச் சொல்லித்தரும் முழங்கால் பயிற்சியில் பாதி அதுதான். நம் தெருக்களில் சிறுமிகள் சாக்பீஸ் கோடு போட்டுத் தாங்களே செய்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் பெண் வயதுக்கு வந்ததும் பாண்டி நின்றுவிடும். "இனிமே தெருவுல குதிக்காதே" என்று வீட்டில் சொல்வார்கள். அந்த வயதில்தான் கால் எலும்பு மளமளவென்று நீள்கிறது, இடுப்பு மாறுகிறது, உடம்பின் பாரம் உயரத்துக்குப் போகிறது. பையன்களுக்கு அதே சமயம் தசை பலமும் கூடிவிடுகிறது. பெண்களுக்கு அந்த அளவுக்குத் தானாகக் கூடுவதில்லை. நீண்ட காலுக்குப் புதுக் கணக்கு தேவைப்படும் வருடங்களில் அவளைத் திண்ணையில் உட்கார வைக்கிறோம். பதினெட்டு வயதில் கல்லூரியில் சேர்ந்து பூட்ஸ் மாட்டும்போது, அவள் மூளையில் இருப்பது பன்னிரண்டு வயதுக் காலின் பழைய கணக்கு. இது என் கருத்து. ஆனால் காரணமில்லாமல் சொல்லவில்லை.

ஒரே அளவு நேரம் ஆடினால் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஜவ்வு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக அறுகிறது. நார் சற்று மெலிந்தது, அது நுழையும் எலும்புப் பள்ளம் குறுகியது, ஹார்மோன்களுக்கும் பங்கிருக்கலாம் என்று காரணங்கள் சொல்கிறார்கள். பயிற்சி கிடைக்காததும், ஆண்களின் பாதத்துக்குச் செய்த பூட்ஸும், ஆண்கள் ஆடி முடித்த பின் மிஞ்சும் மோசமான மைதானமும் அதே அளவு முக்கியமான காரணங்கள் என்பேன். உச்சத்தில் இருப்பவர்களும் தப்பவில்லை. இங்கிலாந்துத் தலைவி லியா வில்லியம்சன், பெத் மீட், நெதர்லாந்தின் விவியான் மீடெமா மூவரும் ஏசிஎல் காயத்தால் 2023 உலகக் கோப்பையில் ஆட முடியாமல் போனார்கள்.

"பெண் உடம்புக்கு இது ஆகாது" என்று இதைக் கொண்டு யாரும் சொல்லிவிடக் கூடாது. ஒரு தடவை சொல்லி ஐம்பது வருடம் பாழானது. 1920 டிசம்பரில் லிவர்பூலில் டிக் கெர் பெண்கள் அணி ஆடிய ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 5 அன்று, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. திறக்க 1970-கள் வந்துவிட்டன.

உடம்பு கற்றுக்கொள்ளும் என்பதற்கு ஆதாரம் பின்னால் வந்தது. நார்வேயில் 125 கிளப்புகளைச் சேர்ந்த, 13 முதல் 17 வயதுவரை உள்ள 1892 பெண்களை வைத்து ஒரு சோதனை நடத்தி 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதி அணிகள் வழக்கம்போலப் பயிற்சி செய்தன. மறுபாதி, பிஃபா 11+ என்று பின்னர் பெயர் பெற்ற இருபது நிமிட வார்ம்-அப்பைச் செய்தன: எட்டு நிமிடம் மெல்லோட்டம், பத்து நிமிடம் வலுவுக்கும் சமநிலைக்கும் குதித்து இறங்கவும் பயிற்சி, இரண்டு நிமிடம் வேக ஓட்டம். மறுபாதியினருக்குக் காயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது; பலமான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகின. ஸ்வீடனில் 4564 பெண்களிடம் இதே மாதிரி பதினைந்து நிமிடப் பயிற்சியைச் சோதித்தார்கள். 2012-ல் வந்த முடிவு: ஏசிஎல் காயம் 64 சதவீதம் குறைந்தது. மருந்து மாத்திரைகளில்கூட இப்படி ஒரு பலன் அபூர்வம்.

அந்தப் பயிற்சியில் ஒன்றை அன்று பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒருத்தி மண்டியிட்டு நிற்கிறாள். பின்னால் இன்னொருத்தி அவள் கணுக்கால்களை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். முன்னவள் இடுப்பை மடக்காமல், பலகை சாய்வதுபோல மெல்ல மெல்ல முன்னால் சாய்கிறாள். தொடையின் பின்தசை நடுங்குகிறது. பாதி வழியில் தாங்காமல் கையை ஊன்றிவிடுகிறாள். "இன்னும் ரெண்டு தடவை, மெதுவா" என்கிறாள் பிடித்திருப்பவள். கால் எலும்பைப் பின்னுக்கு இழுத்து ஜவ்வுக்குத் துணை நிற்கும் தசை அது. இதற்கு ஜிம் வேண்டாம், காசு வேண்டாம், ஒரு தோழி போதும்.

தரையையும் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் மழை குறைந்து, வெயிலில் ஈரம் அதிகமாக ஆவியான காலங்களில் நடந்த ஆட்டங்களில் ஏசிஎல் காயம் கூடியது. காய்ந்து இறுகிய தரை பூட்ஸை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொள்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஐப்பசி மழைக்கு முன் நம் மண் எப்படிக் கிடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரும்புச்சத்தும் முக்கியம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ரத்தம் குறைந்தவள் சீக்கிரம் களைப்பாள். களைத்த கால் தொப்பென்று விழும்.

அறுந்துவிட்டால் என்ன ஆகும்? மூட்டுக்குள் திரவம் நிரம்பியிருப்பதால் ரத்தம் உறைந்து காயத்தை ஒட்டவைக்க முடிவதில்லை. சத்திரப்பட்டியில் நெய்து நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் பேண்டேஜ் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அறுந்த நார் சேராது. தொடர்ந்து ஆட வேண்டுமானால் பெரும்பாலும் வேறு இடத்து நாரை எடுத்து வைத்து ஆபரேஷன் செய்கிறார்கள். திரும்பி ஆட ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும். மூன்று வருடப் படிப்பில் ஒரு சீசன் முழுசாகப் போய்விடும். பலர் அதன் பிறகு மைதானத்துக்கே வருவதில்லை.

அதனால் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பெண் கல்லூரி அணியில் இருந்தால், காலையில் அவளை இருபது நிமிடம் முன்னதாக எழுப்பி அனுப்புங்கள். பந்தை வெளியே எடுக்குமுன் அவள் மைதானத்தில் இருக்க வேண்டும். வீட்டில் பத்து வயதுத் தங்கை இருந்தால், வாசலில் பாண்டிக் கட்டத்தை அழிக்காதீர்கள்.