பதினான்கு மாத்திரை

கொல்லிமலைச் செம்மேட்டில் ஒருவருக்கு நடுநெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. வாயுவாக இருக்கும் என்று சோடா குடித்துப் பார்ப்பார். மாரடைப்பாக இருந்துவிட்டால், 108 வண்டி 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி இறங்கித்தான் நாமக்கல் போய்ச் சேர வேண்டும். சேலம் வரை போக நேர்ந்தால் இன்னும் ஒரு மணி நேரம்.

இந்த மாதிரி ஊர்களுக்காகவே 2023 ஜூனில் தமிழக அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு. எட்டும் கொழுப்புக்கு, மற்ற ஆறும் தட்டணுக்களுக்கு.

டெங்கு வந்தால் குறைந்துவிட்டதே என்று நாம் பதறுகிற அதே தட்டணுதான். காலில் முள் குத்தினால் ஓடிவந்து அடைப்பதும் அதுதான். இதயத்தின் ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவு வெடித்தாலும், அதையும் காயம் என்றே எடுத்துக்கொண்டு குவிகிறது. முதலில் ஒட்டியவை திராம்பாக்சேன், ஏ.டி.பி. என்ற இரண்டு வேதிப்பொருள்களை வெளியிட்டு மற்றவற்றை வரவழைக்கின்றன. திராம்பாக்சேன் உருவாகாமல் ஆஸ்பிரின் தடுக்கிறது. ஏ.டி.பி. வந்து ஒட்டும் இடத்தைக் குளோபிடோக்ரெல் அடைத்துவிடுகிறது. ஏற்கெனவே உறைந்த கட்டியை இரண்டுமே கரைக்காது. மேலும் வளரவிடாது, அவ்வளவுதான். கரைக்க ஊசி உண்டு, இல்லையேல் அடைத்த குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட். ஆனாலும் 1988இல் வெளியான ஐ.எஸ்.ஐ.எஸ்.-2 ஆய்வில், 17,000க்கு மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடையே, ஆஸ்பிரின் மட்டுமே ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய் மரணங்களை 23 சதவீதம் குறைத்தது. இவ்வளவு மலிவான மாத்திரைக்கு இது பெரிய வேலை.

ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வது சீக்கிரம் ரத்தத்தில் சேரத்தான். குளோபிடோக்ரெல் கல்லீரலில் மாறிய பிறகே வேலை செய்யும். தாமதத்தைக் குறைக்கவே ஒரே தடவையில் நான்கு.

தட்டணுவுக்கு உட்கரு இல்லை. ஆஸ்பிரின் முடக்கிய நொதியை அதனால் மறுபடி செய்துகொள்ள முடியாது. 7 முதல் 10 நாள் வரையான தன் ஆயுள் முழுக்க முடங்கியே கிடக்கும். ஆனால் எலும்பு மஜ்ஜை தினமும் புதியவற்றை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் தினமும் ஒரு சின்ன மாத்திரை. ஸ்டென்ட் வைத்துக்கொண்ட நாமக்கல் லாரி ஓட்டுநர் மாத்திரை அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டு வடக்கே லோடு ஏற்றிப் போனால், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலான தட்டணுக்கள் பழைய சுறுசுறுப்புக்கு வந்துவிடும். ஸ்டென்டின் கம்பி வலையில் உறைகட்டி படிய அது போதும். மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஓராண்டு இரண்டு மருந்தும் உண்டு. பல் பிடுங்கப் போனாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

தட்டணுக்களை முடக்குவதற்கு விலையும் உண்டு: வயிற்றுப் புண்ணில் கசிவு, அரிதாக மூளைக்குள் ரத்தப்போக்கு. மலம் கறுப்பாகப் போனால் உடனே காட்ட வேண்டும். இ.சி.ஜி. எடுக்காமல் மெடிக்கலில் இந்த 14ஐயும் வாங்கி விழுங்குவது ஆபத்து. மாரடைப்பே வராதவர் 'எதற்கும் இருக்கட்டும்' என்று தானாகவே தினமும் ஆஸ்பிரின் போடுவதும் பெரும்பாலும் நஷ்டக் கணக்கே.