கொடும்பாளூர் மூவர் கோயில்: இருக்குவேளிரின் கருங்கல் நினைவு

திருச்சி – மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலைக்குத் தெற்கே உள்ள கொடும்பாளூர், சோழருக்கும் பாண்டியருக்கும் இடைப்பட்ட எல்லையை ஆண்ட இருக்குவேளிர் என்னும் குறுநில வேந்தரின் தலைநகராக இருந்ததோடு, கோவலன் மதுரைக்குச் சென்ற வழியில் இருந்த ஊராகச் சிலப்பதிகாரத்திலும் இடம்பெற்றுள்ளது. இவ்வேளிருள் பூதி விக்கிரமகேசரி தன் பெயரால் ஒன்றும், தேவியரான கற்றளி, வரகுணை ஆகியோர் பெயரால் இரண்டுமாக மேற்கு நோக்கி எழுப்பிய மூன்று கற்கோயில்களே மூவர் கோயில் எனப்படுகின்றன. நடுக்கோயிலும் தென்கோயிலும் முழுமையாக நிற்க, வடகோயிலுக்கு அடித்தளம் மட்டுமே மிஞ்சியுள்ளது.

நடுக்கோயிலின் தென்சுவரில் உள்ள கிரந்த எழுத்து வடமொழிக் கல்வெட்டு இவ்வரச மரபின் வழிமுறையைக் கூறி, வித்யாராசி, தபோராசி ஆகியோரின் மாணாக்கரான மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்குப் பெரியதொரு மடமும், ஐம்பது துறவியர்க்கு உணவளிக்கப் பதினொரு ஊர்களும் அளிக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. காளாமுகர் என்போர் சைவத்தின் கடுந்துறவுப் பிரிவினர் ஆவர். விக்கிரமகேசரி வீரபாண்டியனை வென்றதாக இதே கல்வெட்டு கூறுவதால் கோயிலைச் சுந்தர சோழன் காலத்தில் வைப்போர் ஒருபுறமிருக்க, அதனை ஆதித்த சோழன் காலத்துக்கு முன்தள்ளுவோரும் உள்ளனர்; போர்ச் செய்தியை நோக்க முதலில் கூறிய கருத்தே வலுவுடையதாகத் தோன்றுகிறது.

தாமரை இதழ்கள் செதுக்கிய அடித்தளத்தின்மேல் எழும் சுவரில், கோட்டம் எனப்படும் மாடங்களில் காலாரி, கங்காதரர், வீணையேந்திய சிவன் முதலிய உருவங்கள் தனித்தனியே நிற்க, கூரைவிளிம்பின் கீழ் ஓடும் பூதகண வரிசையில் மட்டும் சிற்பி தன் கற்பனைக்கு இடம் கொடுத்திருக்கிறார். இசைப்பதும் ஆடுவதும் முகம் சுளிப்பதுமான அக்குள்ளர்களில் ஒருவர் போல் மற்றவர் இல்லை. பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியில் 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை ஊர்ச்சபையார் எழுப்பிய கல்வாரிகள், அதாவது சிலுவையைச் சுற்றி இயேசுவின் பாடுகளைக் காட்டும் கற்சிற்பத் தொகுதிகள், மாடங்களில் தனித்தனியே நிற்கும் இவ்வுருவங்களுக்கு நேர்மாறாகக் கதைமாந்தரை ஒரே பீடத்தில் நெருக்கிக் குவிக்கின்றன. கிமிலியோ ஊரில் 1581 – 1588இல் அமைந்த கல்வாரியில் இருநூறு உருவங்களுக்குக் குறைவில்லை. அங்கு ஊரார்க்குச் சமயக்கதை சொல்வது நோக்கம். இங்கோ அரச குடும்பத்தின் பெயர் நிலைக்க வேண்டும் என்பது நோக்கம்.

மூவர் கோயிலைச் சூழ்ந்திருந்த சிறு கோயில்களின் அடித்தளங்கள் அகழ்ந்து வெளிக்கொணரப்பட்டு, இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. அருகிலுள்ள ஐவர் கோயில் அடித்தள அளவில் சிதைந்துகிடக்க, முதலாம் பராந்தகன் காலத்தில் மகிமாலய இருக்குவேள் எடுத்ததும் இவ்வளவு நுட்பமில்லாததுமான முசுகுந்தேசுவரர் கோயிலிலேயே வழிபாடு தொடர்கிறது.